காடு நெய்த கம்பளி

இடியின் கடவுளான தோரைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். சுத்தியலை வீசி மலையையே பிளக்கும் வீரன் அவன். வட ஐரோப்பாவின் பழங்கதை ஒன்றில் அவனும் தோற்கிறான், அதுவும் ஒரு பூனையிடம்! அரக்கர்களின் அரசன் தன் வீட்டுச் சாம்பல் நிறப் பூனையைக் காட்டி, இதைத் தரையிலிருந்து தூக்கினால் போதும் என்கிறான். தோர் அதன் வயிற்றுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குகிறான். பூனை முதுகை வில்லாக வளைக்கிறது. இன்னும் உயரத் தூக்குகிறான், இன்னும் வளைகிறது. கடைசியில் ஒரே ஒரு பாதம்தான் தரையைவிட்டு எழும்புகிறது. அது பூனையே இல்லை, உலகைச் சுற்றி வளைத்துக் கிடக்கும் பெரும்பாம்பு, மாயத்தால் பூனையாகத் தெரிந்தது என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

அதே கதைகளில் பிரேயா என்ற பெண் தெய்வத்தின் தேரை இரண்டு பூனைகள் இழுக்கின்றன. ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்பவர் 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கதைகளை எழுதிவைத்தார்.

தேர் இழுக்கும் பூனை என்றதும் நார்வே நாட்டுக்காரர்களுக்குத் தங்கள் ஊர்ப் பூனைதான் நினைவுக்கு வரும். அதன் பெயர் ஸ்கூக்கட். ‘ஸ்கூக்’ என்றால் காடு, ‘கட்’ என்றால் பூனை. நார்வே வனப்பூனை என்று நாம் சொல்லலாம். பெயரைக் கேட்டு அதைக் காட்டு விலங்கு என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணை வீடுகளில் எலி பிடித்து, வைக்கோல் போரில் குட்டி போட்டு, மனிதரோடு வளர்ந்த வீட்டுப் பூனைதான் அது.

பிரேயாவின் தேரை இழுத்தது இந்த இனம்தானா? ஸ்னோரி அப்படி எதுவும் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் ஆசையோடு இணைத்துச் சொன்னது அது. கதையைக் கதையாக ரசிப்போம். இந்தப் பூனை எப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்தது என்பதைச் சொல்ல வேறு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சி அதன் முடி.

வெயில் நாட்டிலிருந்து பனி நாட்டுக்கு

உலகின் எல்லா வீட்டுப் பூனைகளுக்கும் மூதாதை ஒன்றுதான். வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இன்றும் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. வறண்ட, வெயில் மிகுந்த இடங்களின் விலங்கு அது. அதற்குக் குட்டை முடி போதும்.

மனிதர்கள் தானியத்தைச் சேர்த்துவைத்தார்கள். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. பிறகு கப்பல்களில் தானியம் போன இடமெல்லாம் பூனையும் போனது. வடக்கு ஜெர்மனியில் ரால்ஸ்வீக் என்ற வைக்கிங் காலத் துறைமுகத்தில் ஒரு பூனையின் எலும்பு கிடைத்தது. எகிப்துப் பூனைகளிடம் காணப்படும் டி.என்.ஏ. வகை அதில் இருந்ததை 2017இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எவ்வளவு தூரப் பயணம், பாருங்கள்!

அந்தப் பயணத்தின் வடகோடிகளில் ஒன்று நார்வே. அங்கே தலைநகர் ஓஸ்லோவில் டிசம்பர் மாதத்தின் மிகக் குட்டையான பகல் ஆறு மணி நேரம்கூட நிறைவதில்லை. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து போகும். மேற்குக் கரையிலோ பனியைவிட மழை பெரிய தொல்லை. பெர்கன் என்ற நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் அங்கே மழை நாட்கள்தான்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பூனைக்கு இரண்டு சிக்கல்கள். ஒன்று, உடம்பின் சூடு வெளியே போகக் கூடாது. பூனையின் உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். வெளியே உறைபனி. இரண்டு, நனையக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே சட்டை எப்படிச் சமாளிக்கும்?

செய்து பார்ப்போம்: மூன்று டம்ளர்கள்

விடையை நான் சொல்வதைவிட நீங்களே கண்டுபிடிக்கலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே அளவான மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு சுடுதண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். முதல் டம்ளரை அப்படியே விடுங்கள். இரண்டாவதைக் காய்ந்த கம்பளித் துணியால் சுற்றுங்கள். மூன்றாவதையும் அதே மாதிரித் துணியால் சுற்றுங்கள், ஆனால் அந்தத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுச் சுற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்து எழுதுங்கள்.

காய்ந்த கம்பளிக்குள் இருந்த தண்ணீர் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்கு இடையில் காற்று அகப்பட்டுக் கிடக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே சூடு உள்ளேயே தங்குகிறது.

ஈரக் கம்பளி என்ன ஆனது? இழைகளுக்கு நடுவில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. தண்ணீர் காற்றைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும். போதாக்குறைக்கு, ஆவியாகும்போதும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால் அந்த டம்ளர் காய்ந்த கம்பளி டம்ளரைவிட வெகு விரைவில் ஆறிவிட்டது.

நார்வே பூனையின் சிக்கல் இப்போது புரிகிறதா? கம்பளி வேண்டும், அந்தக் கம்பளி நனையவும் கூடாது.

இரண்டு அடுக்குச் சட்டை

அதன் உடலில் இரண்டு அடுக்கு முடி இருக்கிறது. தோலை ஒட்டிக் குட்டையான, மெல்லிய, சுருண்ட உள்முடி. பஞ்சுபோல அடர்ந்திருக்கும். காற்றைச் சிறைப்பிடிப்பது அதன் வேலை. அதற்கு மேலே நீளமான, வழவழப்பான, சற்றுத் தடித்த மேல்முடி. தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் இந்த முடிக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சைக் கொடுக்கின்றன. கூரையில் வேய்ந்த ஓலைமேல் மழை வழிந்தோடுவதுபோல், மேல்முடியில் விழும் துளிகள் முடி சாய்ந்திருக்கும் பக்கமாக வழிந்து கீழே போய்விடும். உள்ளே இருக்கும் பஞ்சு காய்ந்தே இருக்கும். இந்தப் பூனையைக் குளிப்பாட்ட முயன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தோல்வரை தண்ணீர் இறங்க நெடுநேரம் ஆகும்.

சட்டை மட்டுமல்ல, மற்ற உறுப்புகளும் இந்த ஊருக்கு ஏற்றவைதான். கழுத்தைச் சுற்றிப் பிடரிமயிர்போல நீண்ட முடி, மார்பில் மேலாடைபோல் தொங்கும். பின்னந்தொடைகளில் தொளதொளவென்று கால்சட்டை போட்டதுபோல் முடி. காதுகளுக்குள் முடி, விரல்களுக்கு இடையிலும் முடிக்கொத்து. பனியில் நடக்கும்போது பாதத்துக்கு அது மெத்தை. வால் நீளமானது, புதர்போல் அடர்ந்தது. சுருண்டு படுக்கும்போது முகத்தையும் பாதங்களையும் அதனாலேயே போர்த்திக்கொள்ளலாம்.

ஆண் பூனை ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ எடை இருக்கும். பெண் பூனை சற்றுச் சிறியது. நம் தெருப் பூனை ஒரு வயதிலேயே வளர்ந்து முடித்துவிடும். இது நிதானக்காரன், முழு வளர்ச்சி பெற ஐந்து ஆண்டுகள்வரை ஆகும். பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளம், நகங்கள் வலுவானவை. மரத்தில் ஏறும் பூனைகள் பல, இறங்கத் தெரியாமல் உச்சியில் உட்கார்ந்து கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பூனையோ அணிலைப்போலத் தலைகீழாக இறங்குவதற்குப் பெயர் பெற்றது.

இன்னொரு அதிசயமும் உண்டு. இந்த இனத்தின் சில குட்டிகள் கருமையாகப் பிறக்கும். வளர வளர அந்தக் கருமை வெளுத்துத் தேன் நிறமாகிவிடும். ‘அம்பர்’ என்று அந்த நிறத்துக்குப் பெயர்.

‘போதும்’ என்று சொல்வது யார்?

குட்டை முடி மூதாதைக்கு இவ்வளவு நீள முடிப் பேரப்பிள்ளை எப்படி வந்தது? நீள முடியை உண்டாக்கும் புதுப்பொருள் எதுவோ உடலில் சேர்ந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மை அதற்கு நேர் எதிரானது.

உங்கள் கைகளைப் பாருங்கள். அதில் இருக்கும் முடி ஏன் தலைமுடிபோல நீண்டு தொங்கவில்லை? ஒவ்வொரு முடியும் தோலில் உள்ள மயிர்க்காலிலிருந்து முளைக்கிறது. கொஞ்ச காலம் வளரும். பிறகு வளர்ச்சி நிற்கும். சிறிது காலம் ஓய்வு. அப்புறம் அது உதிர, அந்த இடத்தில் புதியது முளைக்கும். வளரும் காலம் குறைவு என்றால் குட்டை முடி, அதிகம் என்றால் நீள முடி.

வளர்ந்தது போதும் என்று மயிர்க்காலுக்குச் சொல்லும் புரதம் ஒன்று உண்டு. எஃப்.ஜி.எஃப்.5 என்பது அதன் பெயர். அதைத் தயாரிக்கும் குறிப்பு ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பில் எழுத்துப்பிழை நேர்ந்தால் புரதம் சரியாக உருவாகாது. ‘போதும்’ என்ற சொல் உரிய நேரத்தில் வராது. முடி பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும்.

1994இல் எலிகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். 2007இல் பூனைகளிடமும் இதே மரபணுதான் காரணம் என்று தெரிந்தது. பூனைகளில் ஒரு பிழை அல்ல, நான்கு வெவ்வேறு பிழைகள் அகப்பட்டன. நான்கில் எது நேர்ந்தாலும் விளைவு ஒன்றுதான், நீள முடி. நாய்களில்கூட நீள முடிக்கு இந்த மரபணுவின் மாற்றம் காரணமாகிறது.

வெயில் நாட்டில் இந்தப் பிழையோடு பிறந்த குட்டிக்கு அதனால் லாபம் இல்லை. நார்வேயின் பனியில் பிறந்த குட்டிக்கோ அதுவே கம்பளி. அது பிழைத்து, வளர்ந்து, குட்டி போட்டது. அந்தக் குட்டிகளிலும் குளிரையும் மழையையும் நன்றாகத் தாங்கியவை மிஞ்சின. இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்தது. எந்தச் சட்டை உதவுகிறது, எது உதவவில்லை என்று தேர்ந்தெடுத்தது அந்த ஊரின் குளிர்தான். அதனால்தான் காடு நெய்த கம்பளி என்று இதைச் சொல்கிறேன்.

பூவா, தலையா?

இப்போது ஒரு விளையாட்டு. இரண்டு நாணயங்களை எடுங்கள்.

ஒவ்வொரு குட்டிக்கும் இந்த மரபணுவில் இரண்டு படிகள் கிடைக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பிழையில்லாத படியைத் ‘தலை’ என்றும், பிழையான படியைப் ‘பூ’ என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு தலை இருந்தாலே போதும், ‘போதும்’ என்ற செய்தி போய்விடும், முடி குட்டையாகவே இருக்கும். இரண்டும் பூவாக விழுந்தால்தான் நீள முடி. பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் என்ற அறிவியலாளர் கண்டறிந்த ஒடுங்கு பண்பு என்பது இதுதான்.

இரண்டு நாணயங்களையும் சேர்த்து 40 முறை சுண்டுங்கள். இரண்டும் பூவாக விழுந்தது எத்தனை முறை? பத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதாவது, குட்டை முடியுள்ள அம்மாவும் அப்பாவும் ஆளுக்கு ஒரு பூவை மறைத்து வைத்திருந்தால், அவற்றின் குட்டி ஒவ்வொன்றும் நீள முடியோடு பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தெருவில் சாதாரணப் பூனை ஈன்ற குட்டிகளில் ஒன்று மட்டும் புசுபுசுவென்று இருந்தால் இனி நீங்கள் வியக்க மாட்டீர்கள்.

இந்த நாணயக் கணக்கு நார்வே பூனைக்கு ஒருமுறை பேராபத்தாக வந்தது. பூ-பூ உள்ள பூனை, தலை-தலை உள்ள குட்டை முடிப் பூனையோடு சேர்ந்தால் என்ன ஆகும்? பிறக்கும் எல்லாக் குட்டிகளுக்கும் ஒரு தலை கிடைத்துவிடும். அத்தனையும் குட்டை முடி! நீள முடி ஒரே தலைமுறையில் கண்ணுக்கு மறைந்துபோகும்.

1938இல் ஓஸ்லோவில் நடந்த கண்காட்சியில் இந்தப் பூனை காட்டப்பட்டது. இதைத் தனி இனமாகக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அரும்பிய நேரம் அது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. போருக்கு நடுவே பூனையைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? ஊர்ப்பக்கம் குட்டை முடிப் பூனைகளோடு இது கலந்துகொண்டே போனது. பழைய கம்பளிச் சட்டைக்காரர்கள் அருகிப்போனார்கள்.

1970களில் நார்வேயில் சிலர் விழித்துக்கொண்டார்கள். நாட்டில் மிஞ்சியிருந்த நல்ல பூனைகளைத் தேடிச் சேர்த்தார்கள். 1975இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1977இல் பன்னாட்டுப் பூனைக் கூட்டமைப்பு இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. பான்ஸ் ட்ரூல்ஸ் என்ற ஆண் பூனைதான் இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியாக நின்றது. 1979இல் முதல் ஜோடி அமெரிக்காவுக்குப் போனது.

நாணய விளையாட்டுக்குச் சோகமான பக்கமும் உண்டு. இந்த இனத்தில் சில பூனைகள் வேறொரு மரபணுவில் ஒரு கெட்ட பூவை மறைத்துக்கொண்டிருக்கின்றன. உடலில் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்க உதவும் நொதி ஒன்றின் மரபணு அது. அப்படிப்பட்ட பூ இரண்டு சேர்ந்த குட்டிகள் பிழைப்பதில்லை. பெரும்பாலும் பிறந்தவுடனோ சில மாதங்களிலோ இறந்துவிடும். மரபணுச் சோதனை செய்து, மறைந்த பூ உள்ள இரண்டு பூனைகளைச் சேர்க்காமல் விட்டால் ஒரு குட்டிகூட இப்படிச் சாக வேண்டியதில்லை. பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

சட்டை மாற்றும் காலம்

குளிர்காலச் சட்டையைக் கோடையில் போட்டுக்கொண்டு திரிய முடியுமா? வசந்தம் வந்ததும் நார்வே பூனை அடர்ந்த உள்முடியைக் கொத்துக்கொத்தாக உதிர்த்துவிடும். மார்பு மேலாடைகூட இளைத்துப்போகும். கோடையில் பார்த்தால் குட்டை முடிப் பூனையோ என்று சந்தேகம் வரும். வாலும் காதுமுடியும் விரல்முடியும்தான் அடையாளம் காட்டிக்கொடுக்கும்.

எப்போது உதிர்க்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? முக்கியமாகப் பகலின் நீளத்தை வைத்துத்தான். ஓஸ்லோவில் டிசம்பரில் ஆறு மணி நேரமாகச் சுருங்கும் பகல், ஜூனில் ஏறக்குறைய 19 மணி நேரமாக நீள்கிறது. கண் வழியாக உள்ளே போகும் இந்த வெளிச்சச் செய்தி, உடலின் இயக்குநீர்களை மாற்றி, முடிக்கு உத்தரவு கொடுக்கிறது. நம் சென்னையிலோ ஆண்டின் மிகக் குட்டையான பகலுக்கும் மிக நீளமான பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். அதோடு, வீட்டுக்குள்ளேயே விளக்கு வெளிச்சத்தில் வாழும் பூனைக்குக் காலம் குழம்பிப்போகிறது. அது ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக முடி உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

வாய்க்குள் ஒரு சீப்பு

உதிர்ந்த முடியை யார் வாரி எடுப்பது? பூனைக்குச் சொந்தமாக ஒரு சீப்பு இருக்கிறது. அது அதன் நாக்கு. பூனை உங்கள் கையை நக்கும்போது உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருக்குமே, அதற்குக் காரணம் நாக்கில் இருக்கும் ஏறக்குறைய 300 சிறு முட்கள். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெராட்டினால் ஆனவை அவை. எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்திருக்கும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயெல் என்ற ஆராய்ச்சியாளர், தன் வீட்டுப் பூனையின் நாக்கு போர்வையில் மாட்டிக்கொண்டதைப் பார்த்தார். நீங்களும் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அவர், ஏன் மாட்டியது என்று கேட்டார். அவரும் டேவிட் ஹூ என்ற பேராசிரியரும் வீட்டுப் பூனை முதல் சிங்கம், புலிவரை ஆறு வகைப் பூனைக் குடும்ப விலங்குகளின் நாக்கை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் குழிந்து சிறு கரண்டிபோல் இருக்கிறது! அந்தக் குழி உமிழ்நீரைத் தானாக உறிஞ்சிக்கொண்டு, முடிக்குள் கொண்டுபோய்த் தோல்வரை சேர்க்கிறது. அதனால் அழுக்கும் போகிறது, உமிழ்நீர் ஆவியாகும்போது உடம்பும் குளிர்கிறது. பூனைக்கு வியர்ப்பது பாதங்களில் மட்டும்தான் என்பதால் இந்தக் குளிர்ச்சி அதற்கு மிகவும் தேவை.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. காட்டு விலங்குகளின் முடியை நாக்கு அழுத்தும்போது முட்கள் தோலைத் தொட்டுவிடுகின்றன. நீள முடியுள்ள வீட்டுப் பூனை இனமான பாரசீகப் பூனைக்கு மட்டும் முள் எட்டவில்லை. முடி அவ்வளவு நீளம், அவ்வளவு அடர்த்தி. அதனால்தான் அதற்கு அடிக்கடி சிக்கு விழுகிறது.

ஏன் இப்படி? நார்வே பூனையின் முடியைத் தேர்ந்தெடுத்தது குளிர். தன்னைத்தானே சுத்தம் செய்ய முடியாத பூனை அந்தப் பனியில் நெடுநாள் தாங்காது. ஆகவே முடி ஓர் அளவோடு நின்றது. பாரசீகப் பூனையின் முடியைத் தேர்ந்தெடுத்தது மனிதக் கண். லண்டனில் 1871இல் நடந்த பெரிய பூனைக் கண்காட்சியின் காலத்திலிருந்து, அழகு என்று சொல்லிச் சொல்லி இன்னும் நீளமான முடி, இன்னும் தட்டையான முகம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தோம். நாக்கு எட்டாத இடத்துக்கு முடியை வளர்த்தவர்கள் நாம். அப்படியானால் எட்டாத அந்த இடத்தை வாருவதும் நம் கடமை.

சீப்பை எடுங்கள்

நார்வே பூனைக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை வாரினால் போதும், உதிரும் காலத்தில் மட்டும் தினமும் வேண்டும். பாரசீகப் பூனைக்கு நாள்தோறும் வேண்டும். பல் அகன்ற உலோகச் சீப்பு நல்லது. மேலே மட்டும் நீவினால் மேல்முடிதான் பளபளக்கும், அடியில் உள்முடி சடை பிடித்துக் கிடக்கும். ஒரு கையால் முடியை விலக்கி, தோல் தெரியும் இடத்திலிருந்து நுனிநோக்கிப் பதமாக வாருங்கள். காதுக்குப் பின்புறம், அக்குள், வயிறு, பின்னந்தொடை ஆகிய நான்கு இடங்களில்தான் சிக்கு ஒளிந்திருக்கும்.

சிக்கு விழுந்தால் விரலாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுங்கள். கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். பூனையின் தோல் மிக மெல்லியது. சிக்கு அதை மேலே இழுத்து வைத்திருக்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். இறுகிய சடையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நமக்கு இறுகப் பின்னிய சடை எப்படி வலிக்குமோ, அப்படித்தான் ஒவ்வொரு அடிக்கும் அதற்கு வலிக்கும்.

வாருவதால் இன்னொரு நன்மையும் உண்டு. நாக்கின் முட்கள் தொண்டைப் பக்கம் வளைந்தவை அல்லவா? அதில் மாட்டிய முடியைப் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் வேண்டும். பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். சில நேரம் வயிற்றில் சேர்ந்து, நீள உருண்டையாக வாந்தியில் வரும். எப்போதாவது வந்தால் பரவாயில்லை. எதுவும் வராமல் திரும்பத் திரும்பக் குமட்டினாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சீப்பில் வரும் ஒவ்வொரு முடியும் வயிற்றுக்குள் போகாமல் தப்பிய முடிதான்.

நம் ஊர் வெயிலில்

நம் நகரங்களில் இப்போது பாரசீகப் பூனை வளர்க்கும் வீடுகள் பல. உங்களிடமோ நண்பரிடமோ ஒன்று இருக்கலாம். கத்தரி வெயிலில் அதன் நிலையை நினைத்துப் பாருங்கள். கம்பளி போர்த்திய உடல், மூச்சு தாராளமாகப் போகாத தட்டை மூக்கு. குளிர்ந்த தரை, காற்றோட்டமான நிழல், இரண்டு மூன்று இடங்களில் நல்ல தண்ணீர், இவை அதற்குக் கட்டாயம் வேண்டும். மொட்டைமாடி அறையில் அடைக்கவே கூடாது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது இயல்பு. பூனை வாயைத் திறந்து இளைத்தால் அது ஆபத்தின் அறிகுறி. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். மொட்டையடித்துவிட்டால் குளிர்ச்சி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மெல்லிய தோலை வெயில் சுட்டுவிடும். அதை மருத்துவர் சொல்லட்டும்.

சாப்பாடும் முக்கியம். முடி புரதத்தால் ஆனது, பூனை முழு ஊனுண்ணி. பால்சோறும் தயிர்சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் டாரின் என்ற சத்து கிடைக்காமல் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். இறைச்சி, மீனில்தான் அது போதிய அளவு இருக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதே இல்லை. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு, குழம்பு ஊற்றிய சோற்றை வைக்காதீர்கள்.

ஒரு பூனையின் கம்பளியைக் குளிர் தேர்ந்தெடுக்கலாம், மனிதர் தேர்ந்தெடுக்கலாம். பூனையாக எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று வாங்கிவந்த பிறகு, தினமும் பத்து நிமிடம் அதற்காகத் தரையில் உட்கார நமக்கு மனம் இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் அந்த அழகே பூனைக்குத் துன்பமாகிவிடும்.

அடுத்த முறை வாரும்போது, நாட்டுப் பூனையாக இருந்தாலும் சரி, சீப்பில் வந்த முடியை உடனே எறிந்துவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நேராக, தடிப்பாக நிற்பவை மேல்முடி. அவற்றுக்கு நடுவில் சுருண்டு, பஞ்சுபோல் மென்மையாக இருப்பது உள்முடி. இரண்டையும் பிரித்து ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்துவந்தால், ஓர் ஆண்டில் உங்கள் பூனை எந்த மாதத்தில் சட்டை மாற்றுகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.